பெரிய வாட்ச் கட்டப் போறீங்களா? முதல்ல கையை நீட்டுங்க!

"சித்த வைத்தியருக்கும் வாட்சுக்கும் என்ன சம்பந்தம்? சூரணம், லேகியம்னு எழுதாம..." என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. நாங்கள் நாடி பார்க்க மூன்று விரல்களை வைப்பது மணிக்கட்டுக்குப் பக்கத்தில். நீங்கள் வாட்ச் கட்டுவதும் அங்கேதான்! ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்பது மரபு. நான் இரண்டு கையையும் பார்த்துவிடுவேன். அதனால் "வாட்சைக் கொஞ்சம் கழட்டுங்க" என்று சொல்லாமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. கழற்றியதும் அடியில் தெரிவதெல்லாம் தனிக்கதை. வெளுத்துப்போன தோல், அரிப்பு, தடிப்பு, பட்டை பதிந்த பள்ளம்...

இப்போது பெரிய டயல் வாட்ச் மோகம் திரும்ப வந்திருக்கிறது. அதுவும் பேட்டரி இல்லாத, ஸ்பிரிங்கில் ஓடுகிற வாட்ச். காலையில் நடை, சாயங்காலம் நீச்சல், லீவு விட்டால் மலையேற்றம் என்று உடம்பைப் பேணுகிற பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று கொடுத்து வாங்கியது ஒரே மழையில் பாழாகாமல் இருக்க வேண்டும். கைக்கும் கெடுதல் வரக்கூடாது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நாடியும் நொடி முள்ளும்

இங்கிலாந்தில் ஜான் ஃப்ளோயர் என்று ஒரு டாக்டர் இருந்தார். நாடித் துடிப்பை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடுகிற கடிகாரத்தைச் செய்ய வைத்து, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஆக, நொடி முள்ளுக்கும் வைத்தியத்துக்கும் முந்நூறு வருஷத்துப் பழக்கம்!

நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு ரேகைக்குக் கொஞ்சம் தள்ளி மூன்று விரலை வையுங்கள். நொடி முள்ளைப் பார்த்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு 60-லிருந்து 100 வரை இருக்கலாம். வேகமாக நடக்கும்போது? 220-லிருந்து வயசைக் கழியுங்கள். வருகிற எண்ணில் பாதியிலிருந்து முக்கால் பாகத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் மிதமான உடற்பயிற்சி என்று ஒரு தோராயக் கணக்கு. 55 வயதுக்காரருக்கு 82-லிருந்து 115 வரை. இதய நோய்க்கோ, ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வாட்ச் வாங்கும்போது இதை மனசில் வைத்து, நொடி முள் தெளிவாகத் தெரிகிற டயலாகப் பாருங்கள். டயலுக்குள் நாலைந்து குட்டி வட்டம் இருந்தால் பார்க்க ஜோர்! எண்ணுவதற்குத்தான் கஷ்டம்.

சாவியா, ஆட்டோமேட்டிக்கா?

ஸ்பிரிங் வாட்சில் இரண்டு ஜாதி. ஒன்று, தினமும் சாவி கொடுப்பது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியதே... நம் அப்பாக்கள் கட்டிய 'ஜனதா' இந்த ரகம்தான். இன்னொன்று ஆட்டோமேட்டிக். உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு கை அசைய அசையச் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். முழுசாக முறுக்கேறினால், கழற்றி வைத்தாலும் சுமார் 40 மணி நேரம் ஓடுகிற ரகங்கள் நிறைய உண்டு.

நீச்சல், மழை என்று போகிறவர்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது. காரணம், சாவிக் குமிழை தினமும் திருகத் திருக அதன் அடியில் உள்ள ரப்பர் தேயும். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தேய்மானம் குறைவு. ஒரு விஷயம்... தினமும் கட்டியும் உங்கள் ஆட்டோமேட்டிக் அடிக்கடி நின்று போகிறதா? கடைக்கு ஓடுவதற்கு முன்னால், நாள் முழுக்க எவ்வளவு நடந்தோம் என்று யோசியுங்கள். கோளாறு வாட்சில் இல்லாமலும் இருக்கலாம்!

இந்த வாட்சுகளில் பலவற்றின் பேலன்ஸ் வீல் மணிக்கு 21,600 தடவை துடிக்கும். மனுஷன் நாளொன்றுக்கு விடும் மூச்சுக்கு நம் சித்தர் மரபு சொல்லும் கணக்கும் 21,600-தான். தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

எவ்வளவு பெரிசு வாங்கலாம்?

டயல் 42 மில்லிமீட்டரா, 44-ஆ என்று மட்டும் கேட்காதீர்கள். பட்டை மாட்டுவதற்கு மேலும் கீழும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, ஒரு கொம்பு நுனியிலிருந்து மறு கொம்பு நுனி வரை அளந்து பாருங்கள். அந்த நீளம் உங்கள் மணிக்கட்டின் மேல்பக்க அகலத்துக்குள் அடங்க வேண்டும். வெளியே துருத்தினால் வாட்ச் ஆடும். கதவில் இடிக்கும். பட்டையைத் தாங்கும் ஸ்பிரிங் பின் ஒரு நாள் தெறித்து, வாட்ச் கிணற்றோடு போகும்.

அடுத்து, உயரம். 14 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் சட்டைக் கையில் மாட்டும். எடை? ஸ்டீல் செயினோடு கூடிய டைவர் வாட்ச் 150 கிராமைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கடையில் இரண்டு நிமிஷம் கட்டிப் பார்த்தால் தெரியாது. மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, தண்டால் எடுப்பது மாதிரி மேஜையில் ஊன்றிப் பாருங்கள். குமிழ் புறங்கையில் குத்துகிறதா? சைக்கிள் ஹேண்டில் பிடித்தாலும் அப்படித்தான் குத்தும். வேறு வாட்ச் பாருங்கள்.

கட்டை விரல் மரத்துப் போச்சா?

பேங்க்கில் ரிடையரான ஒருவர் பயந்துபோய் வந்தார். "டாக்டர், இடது கட்டை விரலுக்குப் பின்பக்கம் மரத்துப் போகுது. பக்கவாதம் வருதோ?" கையைப் பார்த்தேன். மகன் வாங்கிக் கொடுத்த கனமான வாட்ச். ஆடாமல் இருக்க இறுக்கிக் கட்டியிருந்தார். மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாகத் தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. இறுக்கமான வாட்ச், வளையல் அதை அழுத்தினால் கட்டை விரல், ஆள்காட்டி விரலின் பின்பக்கம் மரக்கும், எரியும். வர்ம நூல்கள் மணிக்கட்டை ஒரு வர்ம இடமாகச் சொல்லி வைத்ததும் சும்மா இல்லை! அவர் வாட்சைக் கழற்றி வைத்தார். சில வாரத்தில் உணர்ச்சி திரும்பியது.

பட்டைக்கும் தோலுக்கும் நடுவே சுண்டு விரல் நுழைய வேண்டும். அதுதான் அளவு. ஆனால் ஒன்று... மரப்போடு கையில் பலம் குறைந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் வாட்சைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அரிப்புக்கு முக்கியக் காரணம் நிக்கல். மலிவான முலாம் பூசிய பக்கிளும் பின்மூடியும் வியர்வையில் நிக்கலைக் கசிய விடும். 316 எல் என்கிற ஸ்டீலில் கசிவு மிகக் குறைவு. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் இருக்கிறது, எடையும் குறைவு. நீச்சலுக்கு ரப்பர் அல்லது நைலான் பட்டைதான் சரி. தோல் பட்டை நனைந்தால் நாறும், அடியில் படை வரும். ராத்திரி வாட்சைக் கழற்றி வையுங்கள். தோலும் காற்று வாங்கட்டும்.

'100 மீட்டர்' என்றால் என்ன?

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். 1926-ல் ரோலக்ஸ் கம்பெனி 'ஆய்ஸ்டர்' என்ற வாட்சைக் கொண்டு வந்தது. மறு வருஷம் மெர்சிடிஸ் க்ளைட்ஸ் என்ற பெண்மணி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயின் குளிர் நீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். அந்த முறை அவரால் கரை சேர முடியவில்லை. வாட்ச் மட்டும் நிற்கவில்லை!

அன்றைக்கு அது அதிசயம். இன்றைக்கு எல்லா வாட்சின் முதுகிலும் ஒரு மீட்டர் கணக்கு இருக்கிறது. அதை அப்படியே ஆழம் என்று நம்பிவிடாதீர்கள். புது வாட்சைப் பரிசோதனைக் கூடத்தில், அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்துப் போட்ட எண் அது. நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

30 மீட்டர்: கை கழுவலாம், சாரலில் நனையலாம். குளியல் வேண்டாம்.

50 மீட்டர்: அமைதியான நீரில் கொஞ்ச நேரம் நீந்தலாம். குதிக்க வேண்டாம்.

100 மீட்டர்: நீச்சல் குளம், கடல் குளியல்.

200 மீட்டர், திருகி மூடும் குமிழ், ஐ.எஸ்.ஓ. 6425 தரம்: கிணற்றில் குதிப்பவர்களுக்கும், ஆழத்தில் முக்குளிப்பவர்களுக்கும்.

தண்ணீர் நுழைய மூன்று வாசல்கள். கண்ணாடி விளிம்பு, பின்மூடி, குமிழ். ஸ்டாப் வாட்ச் பட்டன்கள் இருந்தால் இன்னும் இரண்டு! ஒவ்வொரு வாசலுக்கும் காவல், ஒரு சின்ன ரப்பர் வளையம். அவ்வளவுதான். அந்த ரப்பர் வியர்வையிலும் வெயிலிலும் சோப்பிலும் நாளாக ஆக இறுகும், வெடிக்கும். அப்புறம் முதுகில் 100 என்றிருந்தாலும் ஒன்றுதான், 10 என்றிருந்தாலும் ஒன்றுதான்.

குற்றால சீசனில் இது அடிக்கடி நடக்கும். வெயிலில் நடந்து வந்த சூட்டோடு சில்லென்ற நீரில் நிற்பார்கள். வாட்சுக்குள் இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும். ரப்பர் தளர்ந்திருந்தால் வெளியே உள்ள தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். வெந்நீர்க் குளியலும் நீராவி அறையும் எந்த வாட்சுக்கும் ஆகாது. எண்ணெய்க் குளியல் நாளிலும் வாட்ச் அலமாரியில் இருக்கட்டும்.

வருஷத்துக்கு ஒரு சோதனை

நல்ல வாட்ச் கடைகளில் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கிற மெஷின் இருக்கிறது. சில நிமிஷ வேலை. நீந்துகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். என்ன காரணத்துக்காகப் பின்மூடியைத் திறந்தாலும், "ரப்பர் வளையத்தைப் பார்த்து மாத்துங்க, பிரஷர் டெஸ்ட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை முழு சர்வீஸ் அவசியம். ரப்பருக்குத் தடவ சிலிக்கோன் கிரீஸ் என்று தனியாக உண்டு. தேங்காய் எண்ணெய், ஃபெவிக்விக் வைத்தியம் எல்லாம் வேண்டவே வேண்டாம்!

கடலில் குளித்து வந்தால், குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஈரக் கையால் குமிழை இழுக்காதீர்கள்.

உள்ளே தண்ணி போயிட்டா?

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடிக்கு மேலே மூடுபனி படிந்தால் பயமில்லை, துடைத்தால் போகும். உள்பக்கம் படிந்தால் ஆபத்து. அரிசி டப்பாவில் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எதுவும் உதவாது. அன்றைக்கே வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து காய வைக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். துரு நமக்காகக் காத்திருக்காது.

கடைசியாக, பல வீடுகளில் பீரோவுக்குள் அப்பாவோ தாத்தாவோ கட்டிய எச்.எம்.டி. வாட்ச் ஒன்று இருக்கும். அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. "அப்போல்லாம் தரம் கெட்டி" என்று நம்பி, மகன் அதைக் கட்டிக்கொண்டு மழையில் கிளம்புவான். விடாதீர்கள்! அதன் ரப்பர் வளையத்துக்கு உங்கள் மகனைவிட வயசு கூட இருக்கும். உள்ளே துருப்பிடித்தால் அப்பாவின் கை பட்ட பொருள் போனது போனதுதான். அதை சர்வீஸ் செய்து, கல்யாணம் காட்சிக்குக் கட்டட்டும். கிணற்றுக்கும் அருவிக்கும் வேறு வாட்ச் வாங்கிக் கொடுங்கள். அதையும் வருஷா வருஷம் சோதிக்கச் சொல்லுங்கள்.