உறவைத் துண்டிப்பதா, பிணையைத் துண்டிப்பதா?

கடந்த றமழானில் எங்கள் மஹல்லாவில் பெண்களுக்காக ஒரு பயான் நடந்தது. உறவைத் துண்டிப்பவர் சுவர்க்கம் நுழையமாட்டார் என்ற நபிமொழியை மௌலவி விளக்கிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த சகோதரி மெதுவாக அழ ஆரம்பித்தார். முடிந்த பிறகு விசாரித்தேன்.

"எங்கட காக்கா காணிய ஈடு வச்சி ஏமாத்திட்டார் டீச்சர். அஞ்சி வருஷமா அவரோட கதைக்கிறதில்ல. அப்ப எனக்கு சுவர்க்கம் இல்லையா?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இதே கேள்வியோடு மூன்று வருடங்கள் தூக்கமின்றி இருந்தவள் நான். அந்தச் சகோதரிக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் தம்பியின் கதை

நான் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றைச் சேர்ந்த ஆசிரியை. எனக்கு ஒரு தம்பி. கலகலப்பானவன், யாரையும் கவரும் பேச்சுடையவன். 2011இல் என் காப்பு இரண்டையும் கேட்டான். "வேளாண்மை வெட்டினதும் மூட்டுத் தாறன் ராத்தா" என்றான். காப்பு ஏலத்தில் போன பிறகுதான், அவன் அந்தப் போகத்தில் வயலே செய்யவில்லை என்பது எனக்குத் தெரியவந்தது.

2015இல் வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கச் சொன்னான். உம்மா அழுதார், நான் கையொப்பமிட்டேன். நான்கு தவணைகளோடு கட்டுவதை நிறுத்தினான். மீதியை என் சம்பளத்திலிருந்து நான் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் அழுதான், அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தான். நாங்களும் ஒவ்வொரு தடவையும் நம்பினோம்.

2018இல் நடந்ததுதான் என்னை உடைத்தது. கட்டாருக்கு விசா எடுத்துத் தருவதாகச் சொல்லி, எங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு தாயிடம் இரண்டு இலட்சம் ரூபா வாங்கியிருந்தான். மகனை அனுப்புவதற்காக அவர் நகையை விற்றுக் கொடுத்த காசு அது. விசா வரவில்லை. அந்தத் தாய் என் வீட்டு வாசலில் நின்று சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: "டீச்சர்ர தம்பி எண்டுதான் மகள் குடுத்தன்."

அன்றோடு அவனை வெட்டினேன். தொலைபேசி இலக்கத்தை அழித்தேன். ஸலாம் சொன்னால் பதில் சொல்லவில்லை. பெருநாளைக்கு அவன் உம்மாவிடம் வரும் நேரம் பார்த்து நான் போகாமல் இருந்தேன்.

மூன்று வருடங்களில் எனக்கு நிம்மதி கிடைத்ததா? இல்லை. அவன் திருந்தினானா? அதுவும் இல்லை. உம்மாதான் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் மெலிந்து போனார். 2021இல் உம்மா நோயுற்றபோது வைத்தியசாலைக் கட்டிலின் இரு பக்கத்திலும் நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். அதன் பிறகுதான் மார்க்கம் உண்மையில் என்ன சொல்கிறது என்று ஓர் ஆலிமிடம் கேட்கவும் வாசிக்கவும் தொடங்கினேன்.

மார்க்கம் கேட்பது எது?

நான் விளங்கிக்கொண்டது இதுதான். உறவு என்பது ஒன்று, நம்பிக்கை என்பது இன்னொன்று. உறவு அல்லாஹ் ஏற்படுத்தியது. அதை வெட்ட எமக்கு உரிமையில்லை. நம்பிக்கை மனிதன் நடத்தையால் சம்பாதிப்பது. இழந்தவனுக்கு அதைத் திரும்பக் கொடுக்கும் கடமை எமக்கில்லை. எமது வீடுகளில் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் சம்பவத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவர்களது உதவியில் வாழ்ந்த ஏழை உறவினரான மிஸ்தஹ், ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறைப் பரப்பியவர்களில் ஒருவரானார். இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தபோது, மன்னித்து உதவியைத் தொடரும்படி ஸூரதுந் நூர் 22ஆம் வசனம் இறங்கியது. உதவி மீண்டும் தொடர்ந்தது. பயான்களில் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவதூறுக்கான தண்டனை மிஸ்தஹுக்கும் நிறைவேற்றப்பட்டதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. அதாவது உறவும் வெட்டப்படவில்லை, குற்றமும் மூடி மறைக்கப்படவில்லை.

ஸூரதுந் நிஸா 5ஆம் வசனமும் எனக்கு வழிகாட்டியது. அநாதைகளின் சொத்துப் பற்றிய பின்னணியில் வரும் வசனம் அது. விவேகமற்றோரிடம் சொத்தை ஒப்படைக்க வேண்டாம், ஆனால் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள் என்கிறது. காசைக் கையில் கொடுக்காதே, சோற்றை மறுக்காதே, வாயால் நோகடிக்காதே. என் தம்பி விடயத்தில் நான் தேடிய ஒழுங்கு முழுவதும் அதில் இருந்தது.

ஒரு முஃமின் ஒரே புற்றில் இரு தடவை கொட்டப்படமாட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நானோ மூன்று தடவை கொட்டப்பட்டு, அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெருங்கினாலே ஆபத்து என்ற நிலையும் உண்டு. அடிப்பவர், போதைக்கு அடிமையாகி வீட்டில் திருடுபவர், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் போன்றோர் விடயம் வேறு. ஒருவரோடு பேசுவதால் மார்க்கத்துக்கோ உலக வாழ்வுக்கோ தீங்கு வரும் என அஞ்சினால் விலகியிருக்கலாம் என்று இமாம் இப்னு அப்துல் பர் விளக்கியிருக்கிறார்கள். அப்போதும் அது தீங்கைத் தடுக்கும் விலகலே தவிர, பழிவாங்கும் விலகல் அல்ல.

நான் வகுத்துக்கொண்ட எல்லை

இப்போது தம்பிக்கு ஸலாம் சொல்கிறேன். நோயென்றால் போய்ப் பார்க்கிறேன். அவனது பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தை நானே பாடசாலையில் கட்டுகிறேன், அவன் கையில் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு உண்டு. கடன் இல்லை, நகை இல்லை, பிணை இல்லை.

பிணை பற்றி ஒரு வார்த்தை. அரச உத்தியோகத்தர்களான எம்மிடம்தான் உறவினர்கள் முதலில் வருகிறார்கள். "சும்மா ஒரு சைன் தானே" என்பார்கள். சும்மா அல்ல. கடன் பெற்றவர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் பிணையாளியிடமே கேட்கும் உரிமையைப் பெரும்பாலான பிணைப் பத்திரங்கள் வங்கிக்குக் கொடுக்கின்றன. கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் அது பதிவாகும். நாளை உங்கள் பிள்ளைக்குக் கடன் கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மறுக்க வெட்கமென்றால், பிறகு கட்ட வேண்டிவரும்.

வாப்பாவின் காணியைப் பிரிக்கும் நாள் வந்தபோது, தம்பிக்குப் பங்கே கொடுக்கக் கூடாது என்று குடும்பத்தில் சிலர் நின்றார்கள். நான் உடன்படவில்லை. பொய் சொன்னான் என்பதற்காக வாரிசுரிமை இல்லாமல் போகாது. ஷரீஆவிலும் இல்லை, 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்திலும் இல்லை. என்னைப் போல் இரு மடங்கு அவனுக்குப் போனது. அதைக் கொடுக்கும்போது மனது வலித்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் அவன் செய்த அநியாயத்தை நான் செய்ய முடியாது.

அந்தத் தாயின் இரண்டு இலட்சத்தை மறைக்கவும் நான் விடவில்லை. அவரோடு மத்தியஸ்த சபைக்குப் போனேன். பங்கு கைக்கு வந்ததும் தருவதாக அங்கே எழுத்தில் கொடுத்தான். ஒரு இலட்சம் கொடுத்தான். மீதி இன்னும் வரவில்லை. அவன் மாறவில்லை.

குடும்ப மானம் என்ற திரை

என் பெரிய குற்றம் காப்பைக் கொடுத்ததோ கையொப்பமிட்டதோ அல்ல. இரண்டு தடவை ஏமாந்தும் "குடும்ப மானம்" என்று வாயை மூடிக்கொண்டதுதான். நாங்கள் அன்றே தெருவில் நாலு பேருக்குச் சொல்லியிருந்தால் அந்தத் தாயின் நகை தப்பியிருக்கும். எங்கள் மானத்துக்கான விலையை ஓர் ஏழை விதவை கட்டினார்.

இது புறம்பேசுதல் ஆகாதா என்று கேட்பார்கள். பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதை, புறம் அனுமதிக்கப்பட்ட ஆறு சந்தர்ப்பங்களில் ஒன்றாக இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில் குறிப்பிடுகிறார்கள். சொந்த உறவினருக்கு எதிராக அமைந்தாலும் நீதியாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது ஸூரதுந் நிஸா 135ஆம் வசனத்தின் கட்டளை. தெருத்தெருவாகத் தூற்றித் திரிய வேண்டியதில்லை. கேட்பவரிடம் உண்மையைச் சொன்னால் போதும்.

சென்ற மாதம் ஒருவர் கோல் எடுத்தார். "உங்கட தம்பியோட சேர்ந்து ஒரு யாவாரம் செய்யலாமெண்டு இருக்கம், என்ன சொல்றீங்க?" என்றார். "என்ர தம்பிதான். ஆனா காசு குடுக்காதீங்க" என்றேன். அடுத்த நாள் தம்பி கோபத்தோடு வந்தான், ஏசினான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

அன்று பயானில் அழுத சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உங்கள் காக்காவுக்கு ஸலாம் சொல்லுங்கள். காணிக்காக மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ செல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஒன்றுக்கொன்று முரண் இல்லை. திருத்துவது அல்லாஹ்வின் கையில் உள்ளது. அவனே என் தம்பிக்கும் உங்கள் காக்காவுக்கும் ஹிதாயத்தைக் கொடுப்பானாக.