பாப்பாவுக்கு ஒரு குல்லா

அக்கா பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம், கடையில் வாங்காமல் கையால் ஏதாவது பின்னிக் கொடுக்கணும் என்கிறீர்கள். நல்ல காரியம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில் நூல். கடையில் கலர் கலராக அடுக்கியிருப்பதை 'உல்லன் நூல்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். பெரும்பாலும் அதில் கம்பளியே இருக்காது, எல்லாம் அக்ரிலிக். மலிவு, துவைத்தாலும் சுருங்காது, ஊட்டிக்குச் சரி. மதுரை வெயிலுக்கு ஆகாது. வேர்வையை உறிஞ்சாது, பிள்ளை புழுங்கிப்போகும். அங்கெல்லாம் பருத்தி நூல்தான். கொஞ்சம் கனம், இழுத்தால் அவ்வளவாகக் கொடுக்காது, விலையும் கூட. இருந்தாலும் அதையே வாங்குங்கள். அடர் சிவப்போ கருநீலமோ எடுத்தால், ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். பாப்பா எதையும் வாயில் வைத்துச் சப்பும்.

பின்னப்போவது குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியில். ஊசி 3.5 மி.மீ. போதும். ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசியில் கண்ணிகள் வரிசையாக நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரை ஓடும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் அங்கங்கே முடிந்துவிடும், வரிசை முடிந்ததும் ஊசியில் நிற்பது ஒன்றே ஒன்று. குக்கர் விசில் அடித்தால் போட்டுவிட்டு எழுந்து போகலாம்.

எதைப் பின்னுவது? குல்லாதான். நூலை வளையமாகச் சுற்றி அதற்குள் 6 சிங்கிள் குரோஷே போடுங்கள். அடுத்த சுற்றில் கண்ணிக்கு இரண்டு, மொத்தம் 12. அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 18. பிறகு 24, 30. இப்படிச் சுற்றுக்கு ஆறு கூடினால் வட்டம் தட்டையாகப் படியும். குறைவாகக் கூட்டினால் குழிந்துபோகும். அதிகமானால் பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் நெளியும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. ஆறு மாதத்தில் 43 பக்கம் வந்துவிடும். 35-க்குப் பின்னினால் போட்டோ எடுப்பதற்குள் சின்னதாகிவிடும், 43-க்கே பின்னுங்கள். தலையில் பிடித்து நிற்க 2 செ.மீ. கழித்தால் 41. அதை 3.14-ஆல் வகுத்தால் 13. வட்டத்தின் குறுக்களவு 13 செ.மீ. வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணிக்கு ஒன்றாக இன்னொரு 10 செ.மீ. இறக்குங்கள். காதை மூடும். கடைசி நுனியை 15 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பின்னலுக்குள் ஓட்டி மறையுங்கள். உள்ளே முடிச்சு இருந்தால் மெல்லிய தோலில் உறுத்தும்.

முடிச்சுப் போடும் நாடா வைக்காதீர்கள், கழுத்தை இறுக்கும். வெளியே போகும்போது மட்டும் குல்லா. தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு உடம்புச் சூடு இறங்கும் முக்கியமான வழி தலைதான்.

பொம்மையும் பின்னலாம். கண்ணுக்கு மணி, பட்டன் எதுவும் கூடாது. பிய்ந்தால் தொண்டைக்குள் போய்விடும். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். தூளிக்கு மேலே கிளி தொங்கவிட்டால், பிள்ளை எட்டிப் பிடிக்கிற வயதில் அவிழ்த்துவிட வேண்டும்.

போர்வை ஆசை எல்லாருக்கும் வரும். 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைச் சென்னையில் விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். பலரும் துண்டு துண்டாகப் பின்னிச் சேர்த்தது அது. உங்கள் வீட்டிலும் அத்தை, சித்தி என்று ஆளுக்கு நாலு சதுரம் பிரித்துக்கொண்டால் முடியும். ஆனால் எல்லாரும் ஆசைப்படும் ஓட்டை ஓட்டையான சதுரம் வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும். நெருக்கமாகப் பின்னுங்கள். ஒரு வயது வரை தூங்கும் பிள்ளைமேல் தளர்ந்த போர்வை போடக்கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது கீழே விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விடலாம், அவ்வளவுதான்.

எதைப் பின்னினாலும் வாசனையில்லாத சோப்பில் ஒருமுறை அலசி, காயவைத்துக் கொடுங்கள். முதல் தடவை என்றால் குல்லாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனியாளாகப் போர்வையைத் தொடங்கினால் அது அடுத்த பிரசவத்துக்குத்தான் ஆகும்.