விற்ற விளையாட்டின் நிரலைப் படிக்கலாமா?

நிரலாக்கம் கற்கும் மாணவருக்கு வகுப்பில் கிடைப்பவை பெரும்பாலும் இருபது, முப்பது வரி நிரல்கள். பகா எண்ணைக் கண்டுபிடி, பட்டியலை வரிசைப்படுத்து, வங்கிக் கணக்கில் பணம் போடு, எடு. மதிப்பெண் விழுந்ததும் அவற்றின் ஆயுள் முடிந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய யாரும் அவற்றை ஓட்டிப் பார்க்கப் போவதில்லை, ஏன் இப்படித் தவழ்கிறது என்று ஏசப் போவதுமில்லை. கடைக்குப் போன நிரல் எப்படி இருக்கும் என்பதையும் மாணவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதற்கு வீடியோ கேம் நல்ல இடம். நொடிக்குப் பல முறை திரையை வரைந்து முடித்தாக வேண்டிய நிரலில் சாக்குப்போக்குக்கு இடமில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் மூலநிரலைப் பூட்டித்தான் வைத்திருக்கின்றன. ஆனாலும் உரியவர்களே மனமொப்பித் திறந்து வைத்தவை, ஒரு வகுப்புக்குப் போதுமான அளவு இருக்கின்றன.

அவற்றில் முதலில் நிற்பது டூம். அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட இந்த விளையாட்டின் மூலநிரலை, அதன் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் 1997 டிசம்பரில் பொதுவில் வைத்தார். வந்தது லினக்ஸ் வடிவம். மக்கள் வாங்கி ஆடிய டாஸ் வடிவத்தில் ஒலிக்கான பகுதி வேறொருவரிடம் உரிமம் பெற்றுச் சேர்த்தது; அதை எடுத்துக் கொடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. 1999இல் இதே நிரல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் கீழ் வந்தது. வரைபடங்கள், உருவங்கள், ஒலிகள் அடங்கிய தரவுக் கோப்பு மட்டும் விற்பனைப் பொருளாகவே நீடித்தது. திரையரங்கின் புரொஜெக்டரை இலவசமாகக் கொடுத்துவிட்டு, படச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டது போன்ற ஏற்பாடு இது. வகுப்புக்கு இதனால் முடை எதுவும் இல்லை. டூமின் முதல் அத்தியாயம் தொடக்கத்திலிருந்தே இலவசமாகச் சுற்றில் விடப்பட்டது; ஃப்ரீடூம் என்ற தன்னார்வத் திட்டம் முழுக்க வேறு படங்களையும் ஒலிகளையும் செய்து வைத்திருக்கிறது.

அந்த நிரலுக்குள் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது, ஒரு வகுப்பு நேரத்தை அதற்கே கொடுக்கலாம். தற்செயல் எண்களைத் தரும் கோப்பு அது. அரக்கனின் குண்டு எவ்வளவு சேதம் செய்யும், அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதையெல்லாம் முடிவு செய்யும் இந்த எண்கள், 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுபவை. பட்டியல் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. புள்ளியியல் ஆசிரியர் பார்த்தால் முகம் சுளிப்பார். காரணம் தெரிந்தால் சுளிப்பு போய்விடும். டூமில் நான்கு பேர் வலையமைப்பில் சேர்ந்து ஆடலாம். அன்றைய மோடத்தில் ஒவ்வொரு அரக்கனும் எங்கே நிற்கிறான் என்று அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. எனவே ஆடுபவர் அழுத்திய விசைகளின் விவரம் மட்டும், நொடிக்கு 35 முறை, கணினிகளுக்கிடையே போய்வருகிறது. மற்றதை ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிடுகிறது. நான்கு கணினியிலும் ‘தற்செயல்’ ஒன்றாக இருந்தால்தான் நான்கு பேரும் ஒரே உலகில் இருப்பார்கள். ஆட்டத்தைப் பதிவு செய்து மறுபடி ஓட்டிக் காட்டும் வசதியும் இப்படித்தான்: பதிவில் இருப்பது விசைகள் மட்டுமே. மாணவர் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் பழைய பதிவை ஓட்டிப் பார்க்கட்டும். கொஞ்ச நேரத்தில் வீரன் சுவரில் முட்டிக்கொண்டு, இல்லாத எதிரியைச் சுட ஆரம்பிப்பான். நிலை, உள்ளீடு, மறு உருவாக்கம் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லித் தருவது அங்கே கண்முன் உடைகிறது. திரை மாறும் காட்சி போன்றவற்றுக்கு அதே பட்டியலில் தனிக் குறியீட்டெண் வைத்திருப்பதன் காரணத்தையும் அப்போது மாணவரே சொல்லிவிடுவார்.

இதெல்லாம் பழங்கதை, இன்றைய நிரலாளருக்கு எதற்கு என்று கேட்கலாம். ஓரளவு நியாயம்தான். தசம எண்களைக் கையாளத் தனிச் சில்லு இல்லாத கணினிகள் பரவலாக இருந்த காலத்தில், டூம் முழு எண்ணையே இரண்டாகப் பிரித்து, பாதியை முழுப் பகுதிக்கும் பாதியைப் பின்னத்துக்கும் வைத்துக்கொண்டது. 1999இல் வந்து 2005இல் திறக்கப்பட்ட குவேக் 3 விளையாட்டின் நிரலில், வர்க்கமூலத்தின் தலைகீழை ஒரு விசித்திர மாறிலியைக் கொண்டு தோராயமாகக் கணக்கிடும் புகழ்பெற்ற தந்திரம் இருக்கிறது. அதே 1999இல் வந்த பென்டியம் 3 செயலி அந்த வேலையை ஒரே கட்டளையில் செய்தது. தந்திரம் செத்துவிட்டது. ஆனால் எந்தக் கருவி கையில் இருந்தபோது அது தேவைப்பட்டது, எது வந்ததும் தேவையற்றுப் போனது என்று ஆண்டோடு காட்ட முடிகிற உதாரணம் பாடநூலில் அரிது. டூம் சுவர்களை வரையும் ஒழுங்கு ஓர் இருமக் கிளை மரத்தில் நடந்து போவதுதான். மரத்தில் எப்படி நடப்பது என்று எல்லாத் தேர்விலும் கேட்கிறார்கள். எதற்கு நடப்பது என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது.

கனமான ஆட்சேபம் வேறு. இந்த நிரல்கள் பல, ஆசிரியர்கள் சொல்லித் தரும் ஒழுக்கத்துக்கு எதிராக இருக்கின்றன. டெர்ரி கேவனா என்ற தனி மனிதர் 2010இல் வெளியிட்ட விவிவிவிவிவி விளையாட்டின் மூலநிரல் பத்தாண்டு நிறைவில், 2020 ஜனவரியில் வெளிவந்தது. கதை நகர்வின் நூற்றுக்கணக்கான நிலைகளை ஒரே ‘சுவிட்ச்’ கட்டளைக்குள் எண் போட்டு அடுக்கியிருந்ததைக் கண்டு நிரலாளர் உலகம் சிரித்தது. 2018இல் வந்து பாராட்டைக் குவித்த செலஸ்ட்டில், நாயகியின் அசைவுகளை ஆளும் கோப்பு மட்டும் ஐயாயிரம் வரிக்கு மேல். இதை மாணவருக்குக் காட்டினால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளாதா? முன்மாதிரி என்று காட்டினால் ஒட்டும். ஒருவர் மட்டுமே தொடப்போகும், ஒருமுறை முடித்துவிட்டால் வளரப்போகாத நிரலில் எந்த ஒழுங்கின்மையை விட்டுவைக்கலாம், பத்துப் பேர் பத்து வருடம் பராமரிக்க வேண்டியதில் எதை விட முடியாது என்று விவாதிக்கக் காட்டினால் ஒட்டாது. குளறுபடியே இல்லாத நிரலை மட்டும் பார்த்து வளர்ந்தவர் முதல் வேலையில் சேர்ந்த வாரமே திகைத்துப் போவார்.

திறப்பதால் நட்டம் எதுவுமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1999 டிசம்பரில் முதல் குவேக்கின் நிரல் வந்ததும், அதைத் திருத்தி இணைய ஆட்டத்தில் ஏமாற்றுவோர் பெருகினர். எதிராளியின் கணினி சொல்வதை நம்பும் வடிவமைப்பின் பலவீனம் அது. பூட்டி வைத்திருந்தபோது மறைந்திருந்தது. பாதுகாப்புப் பாடம் நடத்துபவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. களவு போன நிரலின் கதை வேறு. ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டு வெளியாகும் முன்பே, 2003இல், அதன் நிரல் திருடப்பட்டு இணையத்தில் பரவியது. எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அப்படிப்பட்டதை வகுப்பில் பிரிப்பது மாணவரைச் சிக்கலில் தள்ளுவது. பிறகு ஒரு நிறுவனத்தில் அதே மாதிரியான வேலையை அவர் செய்யும்போது, எங்கே பார்த்து எழுதினாய் என்ற கேள்வி வரும்.

முறையாகத் திறக்கப்பட்டவற்றிலும் உரிமம் ஒரே மாதிரி இல்லை. 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மூலநிரல் தொலைந்தே போயிருந்தது. அதை எழுதிய ஜோர்டன் மெக்னரின் தந்தை 2012இல் பழைய வட்டுகளைக் கண்டெடுக்க, மெக்னர் இணையத்தில் வைத்தார். படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம், ஆனால் விளையாட்டின் மீதான உரிமை எதையும் இது தராது என்று அவர் கூடவே எழுதி வைத்திருக்கிறார். டூம் அப்படியல்ல. மாணவர் அதைத் திருத்தி விற்கவும் செய்யலாம், முக்கிய நிபந்தனை: வாங்குபவர் கேட்டால் திருத்திய மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும்.