தரையில் உட்கார்ந்த திருச்சபை

கிறிஸ்தவ சமயத்தைப் பரப்ப வந்தவர்கள் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் இரண்டு விதமாகக் குடியேறினார்கள். ஒன்று மதில் சூழ்ந்த மிஷன் காம்பவுண்டு. உள்ளே பங்களா, பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் இருக்கும். ஊர் மதிலுக்கு வெளியே இருக்கும். மற்றது ஊர் உட்காரும் விதத்தில் உட்கார்ந்து, ஊர் உடுத்துவதை உடுத்தி, ஊர்ச் சோற்றை உண்டு வாழ்ந்து பார்த்த வழி. இந்த இரண்டாவது வழியைத் துணிந்து சோதித்த இடங்களில் முதன்மையானது திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். அரூரிலிருந்து ஊத்தங்கரை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

இன்று அரூர் தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது, திருப்பத்தூர் தனி மாவட்டமாகிவிட்டது. 1911 வரை இரண்டும் ஒரே சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், ஜவ்வாது என்று மலைகள் சூழ்ந்த பூமி. கேழ்வரகும் சாமையும் விளைந்த மானாவாரி நிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் பஞ்சம் பார்த்த நிலம். இந்த மண்ணில் தெய்வத்துக்கு இருப்பிடம் மிக முக்கியம். தீர்த்தமலை ஈசனைத் தேடி மலையேறிப் போக வேண்டும். ஆநிரை மீட்கச் செத்த வீரன் நடுகல்லாகி, வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் கொல்லை மேட்டில் பொங்கல் வாங்கிக்கொள்கிறான். எங்கும் நிறைந்த கடவுளைப் பற்றிப் பேச வந்த சமயத்துக்கு இப்படிப்பட்ட ஊர்களில் எழுந்த கேள்வி எளிமையானது: உங்கள் சாமி இங்கே எந்த இடத்தில் இருக்கிறது?

கத்தோலிக்கம் இந்தக் கேள்வியை முதலில் சந்தித்தது. மதுரையில் காவி உடுத்தி, புலால் நீக்கி, துறவியாக வாழ்ந்த இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி 1623-ல் சேலம் சீமைக்கு வந்தார். அவருக்குப் பின் இயேசு சபையாரும், அவர்களுக்கும் பின் பாரிஸ் அயல்நாட்டு மிஷன் குருக்களும் இப்பகுதியில் உழைத்தார்கள். 1930-ல் சேலம் தனி மறைமாவட்டம் ஆனபோது அதன் முதல் ஆயராக வந்த ஆன்றி புரூனியே அந்தப் பிரெஞ்சுச் சபையைச் சேர்ந்தவர். 1997-ல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது.

பொம்மிடி அருகே பி.பள்ளிப்பட்டியில் லூர்து அன்னைக்குத் திருத்தலம் இருக்கிறது. 1858-ல் பிரான்சின் பிரனே மலையடிவாரத்தில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி குகையொன்றில் மாதாவைக் கண்டதாகச் சொன்னாள். இருபது ஆண்டுகள் முடிவதற்குள் அந்த மாதாவுக்குப் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் கோயில் எழுந்துவிட்டது. தங்கள் நாட்டு மாதாவைப் பிரெஞ்சுக் குருக்கள் போன இடமெல்லாம் கொண்டுபோனதில் வியப்பில்லை. வியப்பு, இங்குள்ள மக்கள் அவளை ஏற்றுக்கொண்ட விதத்தில்தான். குகை வடிவில் கெபி கட்டினார்கள், கொடியேற்றினார்கள், தேர் செய்தார்கள், குழந்தைக்கு முடியெடுத்துக் காது குத்தினார்கள், உப்பும் மிளகும் காணிக்கை வைத்தார்கள். அந்நிய மலைக் குகை ஒன்று தமிழ்க் கிராமத்தின் விழாக் காலண்டரில் இடம்பிடித்தது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்த வேலை இல்லை இது. பெரும்பாலான இறையியல் மாநாடுகளைவிட இந்த வழிபாட்டுப் பழக்கங்கள் அதிகம் சாதித்திருக்கின்றன என்றே சொல்லத் தோன்றுகிறது.

அன்றாடத்தில் இது இன்னும் சிறு அளவுகளில் நடக்கிறது. காலை, நண்பகல், மாலை என்று மூவேளை மணி, அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்க வீடு வீடாக மாறும் அன்பியக் கூட்டம், தவக்காலத்தில் சிலுவைப்பாதை, நவம்பர் 2 அன்று கல்லறைகளுக்குச் சுண்ணாம்படித்துப் பூவைப்பது, தை முதல் நாளில் கோயில் முற்றத்தில் பொங்கல். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலை, பனியன் வேலை என்று போனவர்களை ஊருக்குத் திரும்ப வரவழைப்பதும் பெரும்பாலும் கோயில் திருவிழாதான்.

சீர்திருத்தத் திருச்சபைகளுக்கு இந்த வாய்ப்பு குறைவு. லண்டன் மிஷன் 1827-ல் சேலத்தில் வேலையைத் தொடங்கியது. தேரும் சுரூபமும் இல்லாத வழிபாடு அது; பிரசங்கமும் பள்ளிக்கூடமும் அதன் பலம். படிப்பு தந்தது, வைத்தியம் தந்தது, சாதிக் கொடுமையில் ஒடுங்கியவர்களுக்கு நிமிர்ந்து நிற்க ஓர் இடம் தந்தது. ஆனால் அதிகாரம் பங்களாவில் இருந்தது. ஒரே படிப்புப் படித்தாலும் வெள்ளைக்காரர் மிஷனரி, இந்தியர் அவருக்கு உதவியாளர் என்பதே நடைமுறை.

இந்த ஏற்றத்தாழ்வு இரண்டு டாக்டர்களை உறுத்தியது. ஒருவர் சவரிராயன் இயேசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். அல்லோவா ஊரில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பிரிட்டனில் பழகி நண்பர்களான இருவரும் இந்தியா வந்து மேற்கு இந்தியாவில் ஸ்காட்டிஷ் மிஷனில் சிறிது காலம் வேலை பார்த்தார்கள். பிறகு 1921-ல் திருப்பத்தூரில் ஆசிரமம் தொடங்கினார்கள். இந்தியாவில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தொடங்கிய முதல் ஆசிரமம் என்று இதைக் குறிப்பிடுவது வழக்கம். ஜாக் வின்ஸ்லோவின் புனே முயற்சி, காவிரிக் கரையில் 1950-ல் தோன்றிய சாந்திவனம் ஆகியவை இதற்குப் பின் வந்தவை.

ஆசிரமத்தில் இயேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வயதில் மூத்த தமிழர் மூத்தவராகவும், பணத்தைக் கொண்டுவந்த ஐரோப்பியர் இளையவராகவும் இருந்த இந்த ஏற்பாடு வெறும் செல்லப்பெயர் விவகாரம் இல்லை. காலனி ஆட்சிக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரரை ஊரே 'சின்ன' என்று சேர்த்துக் கூப்பிட்டதும், அவர் அதற்குத் திரும்பிப் பார்த்ததும் அன்றைய மிஷன் உலகில் அபூர்வம். உறுப்பினர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. சம்பளம் கிடையாது. கதர் உடை, மரக்கறி உணவு, தரையில் பந்தி. விடிகாலையிலும் அந்தியிலும் ஜெபம். நடுவே ஆஸ்பத்திரி, தோட்டம், சுற்றுக் கிராமங்களுக்கு நடை. நோயாளிக்கு மருந்து கொடுப்பதையும் ஜெபிப்பதையும் தனித்தனிக் கணக்கில் எழுதாத வாழ்க்கை.

கதரின் விலையைப் பேட்டன் கொடுக்க நேர்ந்தது 1932 தொடக்கத்தில். சட்டமறுப்பு இயக்கம் மூண்டிருந்த நேரம். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். செய்தி லண்டன் வரை போய் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. இதே அடியை அன்றாடம் வாங்கிய ஆயிரக்கணக்கான இந்தியர்களைப் பற்றி அந்த அவையில் அத்தனை பதற்றம் எழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலைக் குடும்பத்து வாரிசு ஒருவர் கைநூல் துணிக்காக அடிபட்டது வரலாற்றின் குறும்பு.

ஆசிரமத்தின் ஜெபாலயம் 1930-களின் தொடக்கத்தில் எழுந்தது. ஊசிக் கோபுரமும் கூர்வளைவு ஜன்னலும் கொண்ட கோத்திக் பாணியே தேவாலயம் என்று பழகியிருந்த காலத்தில், இது திராவிடக் கோயில் அமைப்பில், கோபுரமும் தூண் மண்டபமுமாகக் கட்டப்பட்டது. உள்ளே பெஞ்சு இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் அமர வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை இந்தியாவில் இவற்றை முறைப்படி அனுமதித்தது, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-ல். தரையில் அமர்தல், காலணி களைதல், ஆரத்தி எடுத்தல் உள்ளிட்ட 12 அம்சங்கள் அப்போது ஏற்கப்பட்டன.

இத்தனைக்கும் பிறகு ஆசிரம வழி பரவலாகவில்லை. துறவும் மரக்கறியும் கண்டிப்பான கால அட்டவணையும் சிலருக்கே இயலும். குடும்பமும் கடனும் கூலி வேலையுமாக வாழும் கிராமக் கிறிஸ்தவருக்கு அது மரியாதைக்குரிய தூரத்திலேயே நின்றது. பெரியண்ணன் 1969-லும் சின்னண்ணன் 1970-லும் மறைந்தார்கள்.

ஆசிரம வழிக்கு இன்னும் கூர்மையான எதிர்ப்பு பின்னால் வந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். கோபுரமும் மண்டபமும் மரக்கறிப் பந்தியும் யாருடைய ஊரின் அடையாளங்கள் என்று 1980-களில் வளர்ந்த தலித் இறையியல் கேட்டது. எந்தக் கோயில் வாசலில் தங்கள் பாட்டனைத் தடுத்து நிறுத்தினார்களோ, அதே வடிவில் தேவாலயம் கட்டி அதை மண்ணின் மணம் என்று சொன்னால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்? சேரி ஒரு திசையிலும் ஊர்த்தெரு ஒரு திசையிலும் இருக்கும் நிலத்தில் 'ஊர்' என்ற ஒற்றை இடம் கிடையாது. தேவாலயத்துக்குள்ளேயே தனி இருக்கை, தனிக் கல்லறை என்று சாதி புகுந்த கதைகள் தமிழகத்தில் ஏராளம்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு இதற்கு வேறொரு விடை தேடினார். 'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்ட அவர், நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டு முறையை அமைத்தார். தீட்டு என்று கோயிலுக்கு வெளியே வைத்த பறை வழிபாட்டுக்குள் வந்தது. திருவிருந்தை அவர் 'ஒரே உலை'யாகப் பார்த்தார்: ஒரே அடுப்பில் பொங்கி எல்லாரும் உண்பது, அதாவது சாதி வைத்திருக்கும் கோட்டை அழிப்பது. நொபிலியும் பெரியண்ணனும் பந்தியில் மரக்கறியைத் தேர்ந்தது யாரோடு சேர்ந்து உண்பதற்கு வசதியானது, யாரை விலக்கியது என்ற கேள்விக்கு அப்பாவுவின் உலை நேரடியான பதில்.

ஆசிரமத்தின் செல்வாக்கை அதன் மதிலுக்குள் மட்டும் தேடினால் கணக்கு தவறும். பின்னாளில் பூதான இயக்கத்திலும் நில உரிமைப் போராட்டங்களிலும் பெயர்பெற்ற காந்தியவாதி ச. ஜெகந்நாதன், இளமையில் கல்லூரியை விட்டு வந்து திருப்பத்தூரில் தங்கியவர். அடுத்து அவர் சேர்ந்தது ரால்ஃப் கெய்த்தானுடன். அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு வந்து, காந்தியோடு நின்றதற்காக ஆங்கில அரசால் நாடு கடத்தப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் திரும்பி வந்தவர் கெய்த்தான். 1947-ல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவியபோது அவர் உடனிருந்தார். ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனைக்கும் அவர் ஊக்கம் தந்தார்.

அந்தக் காந்திகிராமத்தில் வேலை பார்த்த டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் அரூர் வட்டத்துச் சிட்டிலிங்கிக்கு வந்தார்கள். கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் பள்ளத்தாக்கு அது. அன்று அருகிலிருந்த ஆஸ்பத்திரி அரூரில், ஐம்பது கிலோமீட்டர் வரை போக வேண்டும். பிறந்த 1,000 குழந்தைகளில் 147 முதலாண்டைத் தாண்டவில்லை. ஒரு குடிசையில் அவர்கள் தொடங்கிய பழங்குடியினர் நலவாழ்வு அமைப்பு திருச்சபை நடத்தும் ஊழியம் அல்ல. அங்கே மதப் பிரசாரம் இல்லை. ஆயினும் திருப்பத்தூரில் 1921-ல் எழுந்த கேள்வி இங்கும் இருந்தது: வெளியிலிருந்து வந்த படித்தவர் ஊரில் யாராக இருப்பது?

சிட்டிலிங்கி கண்ட விடை, அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவிப்பது. பள்ளிப் படிப்பை முடிக்காத பழங்குடிப் பெண்கள் பிரசவம் பார்க்கவும், அறுவை அரங்கில் உதவவும், கிராமம் கிராமமாகக் கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கவும் கற்றார்கள். சிசு மரணம் பல மடங்கு குறைந்தது. பிறகு இயற்கை வேளாண்மைக்கு உழவர் சங்கமும், மறைந்துகொண்டிருந்த லம்பாடித் தையல் வேலைக்கு 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பும் தோன்றின. குடிசை இருந்த இடத்தில் இன்று அறுவை அரங்குடன் மருத்துவமனை நடக்கிறது. அதன் செவிலியர் வேலையைப் பெரும்பாலும் பார்ப்பவர்கள் அதே பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள்.