சாவி யார் கையில்?

எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி.க்கு மாற்றாக, போனுக்குள்ளேயே ரகசிய எண் தயாரிக்கும் ஆப்கள் வந்துவிட்டன. ஆனால் அந்த ஆப்களையே நம்பலாமா?

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாடும் கர்நாடகமும் நெருக்கிப் பிடித்திருக்கும் ஊர் குப்பம். பேரத்தைத் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது இங்கே சகஜம். மாவட்டத் தலைநகரான சித்தூர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ரயிலில் ஏறினால் பெங்களூரும் ஏறக்குறைய அதே தூரம்தான். எனவே பிழைப்புக்கு மேற்கே போகிறவர்கள் அதிகம். இப்படி ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் வாழ்க்கையில் வீடு மாறுவது போலவே சிம் கார்டு மாறுவதும் சாதாரணம்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் கைவிட்ட எண் செத்துப்போவதில்லை. குறைந்தது 90 நாட்கள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பிரச்சினை எழுந்தபோது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' இதைத்தான் சொன்னது. பழைய எண்ணோடு இணைந்திருந்த ஈமெயில், ஃபேஸ்புக் கணக்குகளை மாற்ற மறந்தவர் பாடு திண்டாட்டம்தான். அவருக்கு வரவேண்டிய ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப் பையில் மணியடிக்கும்.

ஓ.டி.பி.யை இந்தியர்களுக்குப் பழக்கியது ரிசர்வ் வங்கி. கார்டைத் தேய்க்காமல் இன்டர்நெட்டில் பணம் கட்டுகிறவர்களுக்கு, கார்டு எண்ணோடு இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடு. ஏராளமான கார்டு மோசடிகளுக்கு அது முட்டுக்கட்டை போட்டது. ஆனால் இரண்டாவது பூட்டின் சாவி டெலிபோன் கம்பெனி வழியாக வருகிறது. சிம்மை ஏமாற்றி வாங்கிவிட்டால் சாவியும் கைமாறிவிடும். ஜெர்மனியில் 2017ல் திருடர்கள் சிம்மைக்கூடத் தொடவில்லை. டெலிபோன் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய சிக்னல் முறையின் ஓட்டையில் நுழைந்து, எஸ்.எம்.எஸ்.களைத் திருப்பிவிட்டு வங்கிக் கணக்குகளைக் காலி செய்தார்கள்.

இதற்கு மாற்றுதான் 'ஆத்தென்டிகேட்டர்' எனப்படும் ஆப். இதன் சூட்சுமம் எளிமையானது. முதல் முறை ஒரு கட்டம் போட்ட படத்தை (கியூ.ஆர். கோட்) போன் கேமராவில் காட்டும்போது, ஒரு ரகசியச் சொல் போனுக்குள் போய் உட்காருகிறது. அதே சொல்லின் நகல் ஈமெயில் கம்பெனியிடமும் இருக்கிறது. இருதரப்பும் அந்தச் சொல்லையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரே ஆறு இலக்க எண் வரும். 30 விநாடிக்கொருமுறை எண் மாறும். 2011ல் உலகப் பொது விதியாக எழுதிவைக்கப்பட்ட முறை இது. யாருக்கும் சொந்தமில்லை. எந்த ஆப்பில் போட்டாலும் அதே எண்தான் வரும்.

கவனிக்க வேண்டிய விஷயம்: இந்தக் கணக்குக்குப் போன் நம்பரும் தேவையில்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. தேவையில்லாததை ஓர் ஆப் கேட்கிறது என்றால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

யோசிக்காதவர்களுக்கு 2024 ஜூலையில் ஒரு பாடம் கிடைத்தது. 'ஆத்தி' என்ற பிரபலமான ஆப் போன் நம்பர் இல்லாமல் யாரையும் உள்ளே விடாது. அதன் உரிமையாளரான அமெரிக்காவின் 'ட்விலியோ' கம்பெனியின் கவனக்குறைவால், 3.3 கோடி வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் வெளியாகின. ரகசியச் சொற்கள் போகவில்லை. ஆனால் வலை வீசுகிறவனுக்கு இப்படிப்பட்ட பட்டியலே போதும்.

2010ல் வந்த கூகுள் ஆப்பின் கதை வேறு. நெடுநாள் அது எதையும் வெளியே அனுப்பாத அப்பாவி. போன் தொலைந்தால் எல்லாம் போச்சு என்று மக்கள் புலம்பியதால், 2023 ஏப்ரலில் நகலைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதியைக் கொடுத்தது. அந்த நகல், கூகுளாலேயே படிக்க முடியாதபடி முழுமையாகப் பூட்டப்படவில்லை என்று ஆய்வாளர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள். கணக்கில் நுழையாமலும் அதைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முற்றிலும் போலிகளும் உண்டு. அதே 2023ல், காசு கட்டாதவர்களுக்கு எஸ்.எம்.எஸ். சரிபார்ப்பு கிடையாது என்று ட்விட்டர் கைவிரித்தபோது, ஈசல் மாதிரிப் புது ஆப்கள் கிளம்பின. அவற்றில் ஒன்று, கேமராவில் காட்டிய ரகசியச் சொல்லை அப்படியே தன்னைத் தயாரித்தவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது!

இதெல்லாம் பெங்களூர் சாஃப்ட்வேர் இளைஞர்களின் கவலை, குப்பத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் தகவல் யுகம் குப்பத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. சந்திரபாபு நாயுடு 1989 முதல் ஜெயித்து வரும் தொகுதி இது. 2002ல் ஹியூலட்-பக்கார்ட் கம்பெனி இங்கே 'ஐ-கம்யூனிட்டி' திட்டத்தைத் தொடங்கியது. தகவல் மையங்கள் திறந்தன. கிராமத்துப் பெண்கள் சூரிய சக்தியில் இயங்கும் பிரிண்டரோடு போட்டோகிராபர்களானார்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் விவரங்களைச் சொன்னால் காரியம் முடியும் என்ற பழக்கமும் கூடவே வேரூன்றியது. அந்தப் பழக்கத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. 2018ல் ஆந்திர அரசின் வீட்டுவசதி இணையதளத்தில் 1.34 லட்சம் பேரின் ஆதார் விவரங்கள் திறந்து கிடந்தன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அப்படியானால் எந்த ஆப்? ஆண்ட்ராய்டு போனுக்கு 'ஏஜிஸ்' பொருத்தமானது. இன்டர்நெட் அனுமதியே கேட்காத ஆப் இது. அதன் புரோகிராமை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். நகலைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பு ஒத்துவராதவர்களுக்கு 'என்டே'. பெயர் மலையாளம், 'என்னுடைய' என்று பொருள். கணக்கில்லாமலும் ஓடும். கணக்குத் தொடங்கினால் ஈமெயில் போதும், போன் நம்பர் வேண்டாம். நகல் அவர்களிடம் இருந்தாலும் திறக்கும் பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்காது. போனை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கும், ஒரே போனை வீடே பயன்படுத்தும் குடும்பங்களுக்கும் இரண்டாவதுதான் தோது.

நல்ல பெயர் மட்டும் போதாது. ஐபோன்காரர்கள் கொண்டாடிய 'ரைவோ' ஆப் 2023ல் கைமாறியது. புது முதலாளி 2024ல் வெளியிட்ட ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பலருடைய ரகசியச் சொற்கள் மாயமாகிவிட்டன. தனியாக நகல் எடுத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

வங்கிகளைப் பொறுத்தவரை இந்த ஆப்களுக்கு இன்னும் பெரிதாக வேலையில்லை. எஸ்.எம்.எஸ். தவிர்த்த வழிகளுக்கும் இடமளிக்கும் விதிகளை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் அறிவித்தது. என்றாலும் எந்த வழி என்பது வங்கியின் இஷ்டம். ஈமெயில், ஃபேஸ்புக், பங்குத் தரகர் கணக்கு ஆகியவற்றில் ஆப்பை இப்போதே போடலாம். முதலில் ஈமெயில். மற்றவற்றின் பாஸ்வேர்டுகளை மாற்றும் வழி அதன் மூலமாகத்தான் போகிறது.

அப்போது கூகுள், அவசரத்துக்கென்று 10 எண்களைக் கொடுக்கும். அவற்றைப் போனிலேயே போட்டோ பிடித்து வைப்பவர்கள் உண்டு. போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும். காகிதத்தில் எழுதி, நிலத்தின் பாஸ் புத்தகமும் ரேஷன் கார்டும் இருக்கிற அதே டிரங்குப் பெட்டியில் வைக்கலாம். பழைய போனை விற்பதற்கு முன், புதிய போனில் அந்த ஆறு இலக்கம் வருகிறதா, அதை ஈமெயில் ஏற்றுக்கொள்கிறதா என்று ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுவது உத்தமம்.