கீமேனின் தலைக்குள் இருந்த ஏரிகள்

நம் சங்கத்துக் குடும்பப் பிள்ளைகள் பலர் இங்கே செகந்திராபாத், ஐதராபாத் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் விலகிப் போனால் அவருக்குத் தெரிந்த விஷயமும் கூடவே போய்விடக்கூடாது என்பதற்காக ‘நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்’ என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்களாம். ரயில்வேயில் நாங்கள் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அந்த வேலை வெகுகாலமாக நடந்து வருகிறது.

ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. புதிய தடமென்றால், முதலில் அந்தத் தடம் பழகியவருடன் இரவிலும் பகலிலும் சிலமுறை போய்வர வேண்டும். பிறகுதான் ‘பாதை தெரியும்’ என்று கையெழுத்திடுவார். நிலைய அதிகாரியும் அந்த நிலையத்துக்கென்று எழுதிய விதிகளைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே பொறுப்பேற்கலாம். படிக்காமலே கையெழுத்திடுவோரும் உண்டு, அதை மறைப்பானேன்!

என் துறை இருப்புப் பாதை. பாலங்களுக்குப் பதிவேடு உண்டு. இதுவரை வந்த வெள்ளத்தின் உச்ச மட்டம் அதில் இருக்கும். பாலத்திலேயும் அபாய மட்டத்தைக் கோடு போட்டுக் காட்டியிருப்போம். மழைக்கால ரோந்துக்காரர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தாலும், தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிடலாம். பல வருஷத்து அனுபவத்தை ஒரு கோட்டில் அடக்கியவர் யாரோ, கெட்டிக்காரர்.

ஆனால் மேலே எந்த ஏரியின் கரை பலவீனமாக இருக்கிறது என்று அந்தக் கோடு சொல்லாது. ஏரி மாநில அரசுடையது, பாதை ரயில்வேயுடையது. 2005 அக்டோபர் 29 அன்று, நம் ஊருக்கு அருகே வலிகொண்டா பக்கம், ஏரி உடைத்துவந்த வெள்ளத்தில் சிறு பாலம் அடித்துக்கொண்டு போக, செகந்திராபாத் வந்துகொண்டிருந்த டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரிகளுக்குப் பட்டியல் வைத்து, இரு துறையினரும் மழைக்கு முன் சேர்ந்து பார்வையிட வேண்டும் என்பது ரயில்வே விதி. ஒரு துறைக்குத் தெரிந்தது மற்றதற்குப் போய்ச் சேர வேறு வழி இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு பகுதியில் கீமேன் ஒருவர் ஓய்வு பெறவிருந்தார். தினமும் தன் எல்லை முழுதும் நடந்து, கழன்ற சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்” என்பார், அவ்வளவுதான். பாதையில் கூட நடந்தால் கதையே வேறு. இந்த மதகு வழியாக எந்த ஏரித் தண்ணீர் வரும், மழை வலுத்தால் ஊரார் எந்தக் கரையை வெட்டிவிடுவார்கள், எங்கே மழை நின்று இரண்டு நாள் கழித்து மண் சரியும் என்று இடத்துக்கு இடம் நின்று சொல்வார். மூன்று நாள் நடந்தோம். அவர் இடத்துக்கு வரவிருந்த இளைஞரையும் அழைத்துப்போனேன். நோட்டை அவர் கையிலேயே கொடுத்து, கிலோமீட்டர்க் கல் எண்ணோடு எழுதச் சொன்னேன்.