புகழ் பிந்தி வந்த முன்னோடி

ஜப்பானியக் காற்பந்து என்றதும் ரசிகர்கள் பலரின் நினைவுக்கு வரும் பெயர் ஹிடெதோஷி நகாதா. 1998இல் அவர் இத்தாலியின் பெருஜியா குழுவில் சேர்ந்தபோது ஜப்பானியச் செய்தியாளர்களும் ரசிகர்களும் அவரைத் தேடி அங்கே சென்றனர். ஆனால், அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் முத்திரை பதித்தவர் யாசுஹிகோ ஒகுதேரா. சாதித்தும் அவருக்கு ஏன் அத்தனை புகழ் கிட்டவில்லை?

ஒகுதேரா மலேசியாவுக்குப் புதியவர் அல்லர். 1976இல் கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்கா கிண்ணப் போட்டியில் அதிக கோல்கள் புகுத்தியவர் அவர்தான். எனினும், இறுதியாட்டத்தில் மலேசியா ஜப்பானை வென்று கிண்ணத்தைத் தன்வசமாக்கியது.

அப்போது அவர் ஃபுருகாவா மின்சார நிறுவனத்தின் ஊழியர். அந்நிறுவனக் குழுவின் ஆட்டக்காரர். 1977இல் பயிற்சிக்காக ஜெர்மனி சென்றவரின் வேகத்தைக் கண்டு, கொலோன் குழுவின் பயிற்றுநர் ஹென்னஸ் வைஸ்வைலர் தம் குழுவுக்கு அழைத்தார். ஜெர்மன் லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. முதல் பருவத்திலேயே கொலோன் லீக் பட்டத்தையும் ஜெர்மன் கிண்ணத்தையும் வென்றது. 1979இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி 3-3 எனச் சமன் செய்தவரும் அவரே.

பின்னர் வெர்டர் பிரேமன் குழுவில் ஐந்தாண்டுகள் ஆடினார். அங்கே கோல் அடிக்கும் வேலையைவிட, இடப்பக்கத் தற்காப்பே அவருக்குப் பெரும்பாலும் தரப்பட்டது. 1983இலும் 1986இலும் கோல் வித்தியாசத்தில்தான் பிரேமனுக்குப் பட்டம் தவறியது. ஜெர்மன் லீக்கில் அவர் ஆடியவை 234 ஆட்டங்கள்; போட்டவை 26 கோல்கள்.

புகழ் குறைந்ததற்குக் காரணம் அவருடைய திறமை அன்று, காலம்தான். அந்நாளில் ஜப்பானில் நிபுணத்துவ லீக் கிடையாது. ஜே லீக் தொடங்கியது 1993இல்தான். ஜெர்மனியில் இருந்த ஆண்டுகளில் ஒகுதேரா தேசியக் குழுவுக்கு ஆடவில்லை. ஜப்பான் உலகக் கிண்ணத்தில் முதன்முதலில் ஆடியது 1998இல். வாரந்தோறும் நேரடி ஒளிபரப்பும் அப்போது இல்லை. நகாதா புறப்பட்டபோது இவை யாவும் தயாராக இருந்தன. ஒகுதேராவோ யாரும் பார்க்காத நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்.

1986இல் தாயகம் திரும்பிய அவர், அங்கே நிபுணத்துவ ஆட்டக்காரராகப் பதிவு பெற்ற முதல் இருவருள் ஒருவரானார். 2014இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு தன் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. மலேசியாவின் டத்தோ சோ சின் ஆன் பெயரும் அதே பட்டியலில்தான் இடம்பெற்றது. ஓர் ஆட்டக்காரரை எத்தனை பேர் அறிவார்கள் என்பதை மட்டும் கணக்கில் வைத்தால், இத்தகைய முன்னோடிகள் இளையோரின் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.